டிசம்பர் வரை திருப்தி

என் அண்ணனுக்கு முன்பு வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர் ‘சொல்லியாச்சு’. கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. எதைக் கேட்டாலும் அவனிடம் அந்த ஒரு பதில்தான் இருக்கும். குழாய் ஒழுகுவதை வீட்டுக்காரரிடம் சொன்னாயா? சொல்லியாச்சு. லீவு கேட்டாயா? சொல்லியாச்சு. வாயைத் திறந்து சொன்னதோடு அவனைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. கேட்டவர் செய்தாரா, மறந்தாரா, காதிலேயே வாங்கவில்லையா என்பதெல்லாம் அவரவர் பாடு.

கல்யாணத்தையும் அப்படித்தான் முடித்தான். அண்ணி வேலை பார்த்த கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அண்ணியும் இன்னும் சிலரும். பழுது பார்க்கப் போன அண்ணன் வேலை முடிகிற வரைக்கும் மேலேயிருந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். இப்போது இந்த நட்டைக் கழற்றுகிறேன், இப்போது கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள் என்று. அந்தக் குரலை நம்பித்தான் கட்டிக்கொண்டேன் என்பாள் அண்ணி. பெண் கேட்கப் பெரியவர்கள் யாரையும் கூட்டிப் போகவில்லை. தானே போனான், கேட்டான், வந்தான். அண்ணியின் அப்பா வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாராம். இவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே "சொல்லியாச்சு" என்றான்.

நான் அவனுக்கு நேர்மாறு. கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பொட்டலம் கொடுப்பது என் வேலை. பொட்டலம் கொடுப்பதைவிடக் கையெழுத்து வாங்குவதுதான் வேலை என்று சொல்ல வேண்டும். கையிலிருக்கும் கருவியை நீட்டினால் ஆட்கள் அதன் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுப்பார்கள். புழு நெளிந்த மாதிரி இருக்கும். சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பார், சில வீடுகளில் இடுப்பிலிருக்கும் குழந்தை இழுக்கும். இழுத்தது யார் என்று எங்கள் ஆபீசில் யாரும் கேட்டதில்லை. கோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பொட்டலம் வரவே இல்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்கூட அந்தப் புழுவைக் காட்டினால் அடங்கிவிடுவார்.

நானும் என் வீட்டுக்காரரும் அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறோம். அதனால் இந்தச் சண்டை எங்களுக்குள் ஓயாது. "எழுதி வாங்கிக்கோ அண்ணா" என்பேன். "எதுக்கு? சொன்னதை இல்லைன்னு சொல்ற ஆளா அவரு?" என்பான். உலகத்தில் எல்லோரும் தன்னைப் போல என்ற நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில், கிரீஸ் வழியும் ரோப்பைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பான். சோதிக்கும்போது தானே உள்ளே மாட்டிக்கொண்டதும் உண்டு. அப்போது கத்த மாட்டான், கதவைத் தட்ட மாட்டான். கீழே உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வான். ஒருதடவை இதைக் கேட்டு நான் திகிலோடு பார்த்தபோது, "பதறினா மட்டும் கதவு திறக்குமா? வர்றவன் வருவான்" என்றான்.

இந்தக் கதை நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டைப் பற்றியது. பழைய கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கிற கனமான கதவு. லிஃப்ட் பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் கதவின் பூட்டு விடும், இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் திறக்கக் கூடாது. லிஃப்டைப் பராமரிக்க அண்ணனின் கம்பெனியோடு குடியிருப்போர் சங்கம் ஒப்பந்தம் போட்டிருந்தது. மாதம் ஒருதடவை மெக்கானிக் வர வேண்டும், எண்ணெய் போட வேண்டும், எல்லா மாடிக் கதவையும் இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ட குறையைச் சர்வீஸ் கார்டில் எழுதி, சங்கத்தின் செக்ரட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் அந்தக் கார்டின் நகல் கம்பெனிக்குப் போக வேண்டும். நகல் வரவில்லையென்றால் மெக்கானிக்கே வரவில்லை என்று அர்த்தம். அவன் ரோப்பைக் கட்டிக்கொண்டு தொங்கியிருந்தாலும் சரி.

செக்ரட்டரிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. காலையில் அண்ணன் போவதற்குள் கிளம்பிவிடுவார். சாயந்திரம் திரும்பும்போது அண்ணன் வேறு கட்டடத்தில் இருப்பான். முதல் வருஷம் கார்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நாய் மாதிரி அலைந்தான். அவர் கிடைக்காத மாதங்களில் வேலை செய்தும் செய்யாதவன் ஆனான். அடுத்த வருஷம் ஜனவரியில் செக்ரட்டரியே ஒரு வழி சொன்னார். கார்டைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘குறை / கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. அதையும் சும்மா விடவில்லை. வரிக்கு வரி ‘திருப்தி’ என்று எழுதினார். டிசம்பர் வரைக்கும் திருப்தி.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு நல்ல மனுஷர் என்று வீட்டில் வந்து புகழ்ந்தான். கம்பெனியில் மற்ற மெக்கானிக்குகளும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்ததாம். அதற்கென்று ஒரு தொழில்முறையே வைத்திருந்தார்கள். நகல் எடுக்கும்போது, இன்னும் நடக்காத மாதங்களின் மேல் வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்றை வைத்து மறைத்துவிடுவார்கள். மாதம் ஏற ஏறப் பட்டையை ஒரு வரி கீழே இறக்குவார்கள். அண்ணன் தன் பட்டையைத் தொலைந்து போகாமல் கார்டோடு சேர்த்துக் கிளிப் போட்டு, மொட்டை மாடியிலிருக்கும் லிஃப்ட் மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். இந்த ஒழுங்கு மட்டும் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இரண்டு மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு மார்ச் மாதம், மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு தேய்ந்திருப்பதை அண்ணன் பார்த்தான். பெட்டி கீழே இருக்கும்போதே, கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தால் கதவு திறந்துகொண்டது. கார்டில் எழுதலாம் என்று எடுத்தால் மார்ச் மாதக் கட்டத்தில் ‘திருப்தி’ என்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் ‘பூட்டு பழுது’ என்று கிறுக்கினால் நகல் பார்க்கிறவன் நூறு கேள்வி கேட்பான். அவனுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. வாய் இருக்கிறதே.

அன்று செக்ரட்டரி ஏதோ காரணத்தால் வீட்டில் இருந்தார். கீழே லிஃப்டுக்கு முன்னால் வைத்தே அண்ணன் சொன்னான். "சார், மூணாவது மாடிப் பூட்டு தேஞ்சுபோச்சு. புதுசு போடணும். அதுவரைக்கும் லிஃப்டை நிறுத்தி வெச்சா நல்லது."

"நிறுத்தினா நாலாவது மாடிக்காரர் என் கழுத்தைப் பிடிப்பாரே. நெஞ்சு வலிக்காரர்பா. இப்போதைக்கு ஏதாவது பண்ண முடியாதா?"

"ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வெக்கிறேன். ஆனா ரொம்ப நாள் தாங்காது சார்."

"சரி, சொல்லிட்டேல்ல. அடுத்த கூட்டத்துல வெச்சு முடிச்சிடுறேன்."

அப்போது லிஃப்டுக்காகக் காத்து நின்றவர் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் கணக்கு டீச்சர். கையில் விடைத்தாள் கட்டு. எல்லாவற்றையும் கேட்டார். "எங்க மாடிக் கதவா தம்பி?" என்றார். "ஆமா டீச்சர். சார்கிட்ட சொல்லியாச்சு" என்றான் அண்ணன். "அப்போ சரி" என்று ஏறிப் போனார். யார்தான் அதற்கு மேல் கேட்பார்கள்? அடுத்த கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசி அடித்துக்கொண்டார்களாம். பூட்டு பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு மாதமும் ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கினான், இன்னொருதரம் சொன்னான்.

ஜூன் மாதம், அண்ணன் போக வேண்டிய நாளுக்கு முன்னால், ஒரு காலையில் டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பினார். கதவை இழுத்தார், திறந்தது. திறந்தால் பெட்டி இருக்கும் என்பது எல்லோருக்கும் பழகிப்போன நம்பிக்கை. காலை வைத்தார். பெட்டி முதல் மாடியில் நின்றிருந்தது. அதன் தலைமேல் போய் விழுந்தார். உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்றார்கள். இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் உடைந்துவிட்டன.

விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண். அதிர்ந்து பேசாத ஆள். அண்ணனையும் செக்ரட்டரியையும் கூட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஏறி, ஆணியிலிருந்து கார்டை எடுத்தார். கிளிப்பைக் கழற்றினார். வெள்ளைப் பட்டை கீழே விழுந்தது. அண்ணனே குனிந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறான், புத்திசாலி.

ஜூன் மாத வரியில், டீச்சர் விழுந்த அதே மாதத்து வரியில், ‘திருப்தி’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஜூலை. திருப்தி. அதற்கும் கீழே ஆகஸ்ட்.

"இன்னும் வராத மாசத்துக்கெல்லாம் கையெழுத்து இருக்கே" என்றார் அதிகாரி.

"நான் அந்தந்த மாசத்துக்குத்தாங்க போட்டேன்" என்றார் செக்ரட்டரி, கண் இமைக்காமல். "வருஷம் முழுசுக்கும் முன்கூட்டியே போட எனக்கென்ன பைத்தியமா? மீதியை யார் போட்டாங்கன்னு இவரைக் கேளுங்க."

அண்ணன் செக்ரட்டரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம், "நான் மாசாமாசம் வந்தேங்க. வேலை பார்த்தேங்க. பூட்டு பத்தி சார்கிட்ட நேர்லயே சொன்னேங்க" என்றான்.

"நடக்காத மாசத்துக்கே இதுல கையெழுத்து இருக்கு" என்றார் அதிகாரி. "அப்போ நடந்ததுன்னு நீங்க சொல்ற மாசத்தை நான் எதை வெச்சு நம்புறது?"

அண்ணன் இதை வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு அந்த அதிகாரியின் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அண்ணனின் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருஷம் கிரீஸில் முங்கி எழுந்து செய்த வேலை அத்தனையையும், இன்னும் வராத மாதங்களின் கையெழுத்து விழுங்கிவிட்டது. சாட்சி இல்லாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சாட்சி அளவுக்கு மேல் இருந்ததால் மாட்டிக்கொண்டான்.

விசாரணை முடிகிறவரை லிஃப்டைத் தொடக் கூடாது என்று அவன் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் அது திரும்பக் கிடைக்காது. வேறு தொழில் எதுவும் அவனுக்குத் தெரியாது. முன்னறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். நாள் முழுக்க அப்படியே இருந்தான். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து. போன் அடித்தால் அண்ணி ஓடிப்போய் எடுப்பாள், அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நடுவில் நின்ற லிஃப்டுக்குள் எப்படி உட்காருவானோ அப்படியே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இந்தத் தடவை திறந்துவிட வருகிறவன் யார்? மாடிக்குப் போய் நின்று அழுதேன்.

செக்ரட்டரியின் கடைக்கு நான் ஒருதடவை போனேன், அண்ணனுக்குச் சொல்லாமல். "சார், உங்க மனசாட்சிக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துடைத்தபடி, "உங்க அண்ணன் நல்லவருதாம்மா. ஆனா நான் போட்டேன்னு சொன்னா எல்லாம் என் தலையில வந்து விழும். எனக்கும் பொண்ணு பிள்ளை இருக்கு" என்றார். கெட்டவராகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் பயந்துபோயிருந்தார். பயந்தவனிடம் எதை வாங்க முடியும்?

அந்த வாரக் கடைசியில் கம்பெனி மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவருக்கும் விஷயத்தைச் சொன்னான். தப்பிக்க முதல்தடவையாக ஒரு வழி கிடைத்திருந்தது. நீ சொன்னதை வேறு யாராவது கேட்டார்களா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். டீச்சர் கேட்டார் என்று இவன் சொல்லியிருக்கிறான். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம். அதை டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அடிபட்டவரே சொல்கிறபோது அதைவிடப் பெரிய சாட்சி எது, நீயும் தப்பித்தாய் கம்பெனியும் தப்பித்தது என்றாராம்.

"அப்புறம் என்ன?" என்றேன்.

"லிஃப்டுக்கு எடுத்திருக்கிற இன்ஷூரன்ஸ்ல ஒரு ஷரத்து இருக்காம். குறை இருக்குன்னு தெரிஞ்சும் லிஃப்டை உபயோகிச்சா இன்ஷூரன்ஸ் குடுக்க மாட்டாங்களாம். நான் சொன்னதைக் கேட்டேன்னு டீச்சர் எழுதினா, அவங்களுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு ஆயிடும். அவங்க ஆஸ்பத்திரிச் செலவு அவங்க தலையில."

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அது இன்ஷூரன்ஸ்காரங்க பாடு" என்றேன் நான். "நாம பொய்யா எழுதச் சொல்றோம்? நடந்ததைத்தானே எழுதச் சொல்றோம். உனக்குன்னு வரும்போது மட்டும் ஏன் அண்ணா இப்படி மென்னு முழுங்குற?"

"அவ சொல்றது சரிதாங்க" என்றாள் அண்ணி மெதுவாக. "போய்ப் பாருங்க. அவங்களே என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு போனேன். பையில் வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டேன். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று எழுத வேண்டுமே. அந்த லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. மூன்று மாடியும் ஏறினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டீச்சர் முன்னறையிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். தலைமாட்டில் அப்போதும் ஒரு விடைத்தாள் கட்டு. அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார்.

"வாங்க தம்பி. நீங்க வருவீங்கன்னு நினைச்சேன். உங்களைத்தான் பிடிச்சுக்கிட்டாங்களாமே? அநியாயமா இருக்கு. நீங்க அந்த மனுஷன்கிட்ட சொன்னதை நான்தான் என் காதால கேட்டேனே. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

எனக்கு உயிர் வந்தது. கை பைக்குள் போய்விட்டது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தொடையிலிருந்து பாதம் வரை கட்டு.

"கால் எப்படி இருக்கு டீச்சர்?"

"ஒண்ணு சரியா சேரலையாம். இன்னொரு ஆபரேஷன் பண்ணணுமாம். பண்ணலைன்னா நிக்கவே முடியாதுன்னுட்டார் டாக்டர். நல்லவேளை, இன்ஷூரன்ஸ்ல குடுப்பாங்க. விசாரணை முடிஞ்சதும் தேதி குறிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இல்லைன்னா நான் எங்க தம்பி போவேன்? நின்னுக்கிட்டுப் பாடம் எடுத்தாத்தானே எனக்கு சோறு."

நான் தாளை வெளியே எடுத்துவிட்டேன். பேனா மூடியையும் திறந்துவிட்டேன். நான் செய்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. அந்த நிமிஷத்தில்கூட என் அண்ணனின் உரிமம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. யாராவது ஒருத்தர் அவன் பக்கம் இருக்க வேண்டாமா?

அண்ணன் என் கையைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான்.

"நீங்க கேட்டது வேற டீச்சர்" என்றான். "மார்ச்ல நான் சொன்னது பழைய பூட்டு. அதை அப்பவே மாத்தியாச்சு. இது அதுக்கப்புறம் வந்த கோளாறு."

டீச்சருக்குப் புரியவில்லை. "மாத்திட்டீங்களா? மாத்தினது தேயுமா, இவ்வளவு சீக்கிரம்?"

"தேஞ்சிருக்கு. நான் பார்க்கலை."

"நீங்க பார்க்கலையா?"

"ஆமா டீச்சர். மே மாசம் உங்க மாடிக் கதவை நான் இழுத்துப் பார்க்கலை. அவசரத்துல விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லலை."

அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கணக்கில் தப்பு விட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரிகூடப் பார்க்கவில்லை, அந்நியனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நான் இத்தனை நாளா உங்களுக்காக இங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன் தம்பி" என்றார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்புகிறோம் என்றபோதும் திரும்பவில்லை.

மாடிப்படியில் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மேலே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அழுத்திப் பிடிக்கவில்லை, பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"அவங்க காலைப் பார்த்தேல்ல" என்றான்.

"பார்த்தேன். அதுக்கு நீயா பொறுப்பு? நீதான் சொன்னியே."

"சொன்னேன். லிஃப்டை நிறுத்துற சுவிட்ச் என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது. அதைப் போடாம சொல்லிட்டு வந்தேன். மாசாமாசம் சொல்லிட்டு வந்தேன்." படியில் உட்கார்ந்துவிட்டான். "சொன்னாப் போதும்னு நினைச்சேன்."

அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நடுவில் மேஜை. அதைச் சுற்றி அதிகாரி, டைப் அடிக்கிறவர், மேனேஜர், செக்ரட்டரி, அண்ணன். துணைக்கு வந்தேன் என்று கதவோரம் என்னை உட்காரவிட்டார்கள். கார்டு மேஜைமேல் கிடந்தது, பட்டையும் பக்கத்தில். மேனேஜர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரின் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பான் என்று அவருக்கு அப்போதும் நம்பிக்கை இருந்திருக்கும். செக்ரட்டரி யாரையும் பார்க்கவில்லை.

"மூணாவது மாடிப் பூட்டு பழுதுன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று அதிகாரி கேட்டார். "முன்னாடி சொன்னதா சொன்னீங்க. யோசிச்சு பதில் சொல்லுங்க."

அண்ணன் யோசிக்கவில்லை. "சொல்லலைங்க."

செக்ரட்டரி சட்டென்று நிமிர்ந்தார். அவர் வாய் திறந்து மூடியது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லலையா? அன்னைக்கு மோட்டார் ரூம்ல சொன்னேன்னீங்களே."

"பயத்துல சொல்லிட்டேங்க. நான் அந்தக் கதவைப் பார்க்கவும் இல்லை, யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது."

டைப் அடித்தார்கள். அதிகாரி அதை வரி வரியாகப் படித்துக் காட்டினார். சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றான். தேதியை அவன் கையாலேயே போடச் சொன்னார். போட்டான். அடியில் கையெழுத்துப் போட்டான். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் செக்ரட்டரி. இந்த விவகாரம் முழுவதிலும் அன்றைய தேதியில், அன்றைக்கே, போட வேண்டியவரே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான். யாராலும் அதை அசைக்க முடியாது. அதில் இருப்பது பொய்.

உரிமம் போயிற்று, வேலையும் போயிற்று. இன்ஷூரன்ஸ்காரர்கள் டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணனை எங்கள் கூரியர் கிடங்கில் பொட்டலங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலைக்கு நான்தான் சேர்த்துவிட்டேன். அங்கே இரண்டாவது தளத்துக்கு ஒரு சரக்கு லிஃப்ட் உண்டு. அவன் அதில் ஏறுவதில்லை. பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு படியேறுகிறான். கூட வேலை செய்கிறவர்களுக்குப் பழைய பட்டப்பெயர் தெரியாது, நானும் சொல்லவில்லை. அண்ணி மட்டும், எப்போதாவது அவன் மேல் கோபம் வந்தால், "இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்வாள்.

போன வாரம் டீச்சர் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. அந்தத் தெரு என் பக்கம்தான். மூன்று மாடி ஏறி மணி அடித்தேன். கதவைத் திறந்தவர் கையில் ஊன்றுகோல் இருந்தது. ஆனால் நின்றார். வாசல் வரை நடந்து வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கருவியை நீட்டினேன். அவர் புழு நெளியவிடவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணாடியில் தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

"உங்க அண்ணன் என்ன பண்றார்?" என்றார், கருவியைத் திருப்பிக் கொடுத்தபடி.

"கிடங்குல வேலை பார்க்குறார் டீச்சர்."

"உண்மையை ஒத்துக்கிட்டார், அது வரைக்கும் சரி. ஆனா என்னால அவரை மன்னிக்க முடியலைம்மா. ஒரு கதவு, இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கிட்ட சொல்லிடுங்க."

சொல்ல எனக்கு என்னவெல்லாம் இருந்தது. அவர் காலைப் பார்த்தேன். "சரிங்க டீச்சர்" என்றேன்.

சாயந்திரம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எந்தத் தெருவுக்குப் போனேன் என்று அவனுக்குத் தெரியும், கிடங்கில் அந்தப் பொட்டலத்தை என் பக்கத்துத் தெருக்களோடு சேர்த்து வைத்ததே அவன்தான்.

"நடக்கிறாங்களா?"

"நடக்கிறாங்க. வாசல் வரைக்கும் அவங்களே வந்தாங்க."

தலையாட்டினான். இரண்டு வாய் சாப்பிட்டான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லை அண்ணா" என்றேன். "ஒண்ணும் சொல்லலை."